கால் ஆட்டக்கூடாத கழகம்

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதைப் போட்டுக் கேட்டால் போதும் என்று நினைக்கிற அப்பாவிகள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக் அந்த ரகம். ஐம்பது வயது தாண்டியும் அந்த நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. எண்பதுகளின் பாப்-ராக் இசை மறுமதிப்பீட்டுக் கழகம்தான் கடைசியில் அதைப் போக்கிவைத்தது.

கழகம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிற வேலை மெக்கானிக்குடையது. மாதாமாதம் போய் கேபிளைப் பார்த்து, எண்ணெய் போட்டு, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று சோதித்துவிட்டு வருவார். அப்படிப் போன ஒருநாள்தான் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. ‘எள்ளி நகையாடப்பட்ட இசைக்கு நீதி!’ என்று அதன் கீழே தங்க நிறத்தில் எழுதியிருந்தது. படித்ததும் மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பேனரும் கையுமாக ஒரு மனிதர் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கண் கலங்குவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவருக்குக் காரணம் இருந்தது.

அவருடைய அண்ணன் வாலிப வயதில் ஒரு பாப்-ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ஐந்து பையன்கள், பளபளக்கும் ஜாக்கெட், புயலடித்தாலும் அசையாத முடி. கீபோர்டைத் துப்பாக்கி மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன். பாட்டுக்கு நடுவில் கூப்பிடாமலே வந்து சாக்ஸபோனில் உருகிவிட்டுப் போகிறவன் ஒருவன். மொத்தமே ஒரு கேசட்தான் வெளியிட்டார்கள். அதன் முதல் பாட்டு ஒரு மழைக்காலம் முழுக்க எல்லா ரேடியோவிலும் ஓடியது. கடைசிப் பல்லவி வரும்போது பாட்டு திடீரென்று ஒரு மாடி மேலே ஏறும். கேட்கிறவனும் கூடவே ஏறுவான்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பாட்டைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. பத்திரிகைக்காரர்கள் பிழிந்து காயப்போட்டார்கள். அண்ணனின் டிரம்ஸைப் பற்றி, ‘தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து தகர டப்பாவைத் தட்டுகிறார் இந்த இளைஞர்’ என்று ஒரு பெரிய விமர்சகர் எழுதினார். அண்ணன் குச்சிகளைப் பரணில் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார். அதற்கப்புறம் அந்தக் கேசட்டை அவர் கேட்கவே இல்லை. அவரிடமிருந்ததை ஒருநாள் டேப் ரிக்கார்டர் தின்றபோது வருத்தப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. கேசட் கம்பெனியும் இழுத்து மூடியாகிவிட்டது. இப்போது இணையத்தில் அந்தப் பாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் சோப்பு விளம்பரம் வருகிறது. உலகத்தில் மிச்சமிருந்தது தம்பியின் அலமாரியில் இருந்த ஒரே கேசட்.

அதைத்தான் மெக்கானிக் கழகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். “குடுங்க சார், கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுப் பத்திரமாத் திருப்பித் தர்றோம்” என்று செயலாளர் சொன்னதும், இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அன்றைக்கு உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து நின்று அவரைப் பாராட்டினார்கள். ஆனால் யாரும் கை தட்டவில்லை. கை தட்டினால் தாளம் வந்துவிடும், தாளம் வந்தால் நடுநிலை போய்விடும் என்பது கழக விதி. அதனால் தலையை ஆட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து ஆட்டினால் அதுவும் தாளமாகிவிடும் என்பதால் செயலாளர் கை காட்டக் காட்ட ஒவ்வொரு வரிசையாக ஆட்டினார்கள். மெக்கானிக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. பெரிய இடத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குக் காதில் பிரச்சினை வந்தது.

இடது காது ஏற்கெனவே போய்விட்டது. வலது காதுக்குள் ஒரு கட்டி என்றார்கள். “எடுத்தாக் காது போயிடும். எடுக்கலேன்னா ஆளே போயிடுவீங்க” என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பிறந்ததும் ஆபரேஷன். அண்ணி அழுதார். அண்ணன் அழவில்லை. கண்ணாடிக் கடைக்குத் தம்பியை வரச்சொல்லி, கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்காரவைத்தார்.

“டேய், அந்தக் கேசட் உங்கிட்ட இருக்குல்ல?”

“இருக்குண்ணே” என்றார் மெக்கானிக். கழகத்தில் கொடுத்ததைச் சொல்லவில்லை.

“அதக் கொண்டு வா. எனக்கு ஒரு தடவை கேக்கணும்.”

“நீங்கதான் அத இத்தனை வருஷமாக் கேக்கவே இல்லையேண்ணே.”

“பயந்துக்கிட்டுக் கேக்கல” என்றார் அண்ணன். “அந்த ஆளு எழுதினாரு பாரு, தகர டப்பான்னு. ஒருவேளை அது நெசமா இருந்துட்டா? அதான் கேக்கல. இப்பக் காது போகப்போகுது. போறதுக்குள்ள என் காதாலயே கேட்டுடறேன். நான் வாசிச்சது நல்லா இருந்துச்சா இல்லையா, அது தெரியாமச் செவிடாகக் கூடாது.”

மெக்கானிக் அப்போதே கழகத்துக்கு ஓடினார்.

செயலாளர் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எண்பதுகள் முடிந்த பிறகு பிறந்தவர். சிரித்த முகம். எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று ஆரம்பித்துக் கிடைக்காது என்று முடிப்பார்.

“தாராளமா வாங்கிக்கலாம் சார்” என்றார். “உங்க பொருள்தானே? ஆனா இப்ப அது விசாரணையில இருக்கு.”

“என்ன விசாரணை?”

“தகுதி விசாரணை. மனசாரப் பிடிக்கத் தகுந்ததா, இல்ல சிரிச்சுக்கிட்டே பிடிக்கத் தகுந்ததான்னு முடிவாகணும். முடிவாகிறவரைக்கும் யாரும் கேக்கக் கூடாது, பிரதி எடுக்கக் கூடாது, வெளிய கொண்டுபோகக் கூடாது.”

“கம்ப்யூட்டர்ல ஏத்தறேன்னீங்களே?”

“ஏத்தும்போது காதுல விழுந்துடுமே சார்!”

கழக விதிகளிலேயே தலையாயது இதுதான். விசாரணையில் இருக்கும் பாட்டை உறுப்பினர்கள் கேட்கக் கூடாது. கேட்டால் பிடித்துவிடும் அபாயம் இருக்கிறது, பிடிக்காமல் போய்விடும் அபாயமும் இருக்கிறது. இரண்டிலுமே மனது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த மனதோடு எப்படி நியாயம் சொல்வது? எண்பதுகளில் அந்தப் பாட்டை ரேடியோவில் கேட்டுத் தொலைத்த மூத்த உறுப்பினர்கள்கூட அந்த ஞாபகத்தை மறந்துவிட்டதாக உறுதிமொழி கொடுத்திருந்தார்கள்.

“சார், எங்க அண்ணனுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். அதுக்கப்புறம் காது கேக்காது” என்று மெக்கானிக் கெஞ்சினார்.

செயலாளரின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “அப்ப அவசர மனுதான். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வாங்க. உங்களுக்காகவே முதல் விஷயமா எடுத்துக்கச் சொல்றேன்.”

சனிக்கிழமை மெக்கானிக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். கூடத்தில் தரை முழுக்கக் கனமான கம்பளம் விரித்திருந்தது. இடது பக்கம் மனதாரக் கட்சி, வலது பக்கம் புன்சிரிப்புக் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு குட்டை ஸ்டூலில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கால் கண்காணிப்பாளர். பாட்டைப் போடாவிட்டாலும், அதைப் பற்றிப் பேசும்போது யாருக்காவது உள்ளுக்குள் ஓடத் தொடங்கிக் கால் தாளம் போட்டுவிடலாம் அல்லவா? அப்படிப் போட்டவர் அன்றைய விவாதத்திலிருந்து விலக்கப்படுவார். ஒரு பெரியவருக்கு நரம்புத் தளர்ச்சியில் கால் நடுங்கும். அவரை வரும்போதே நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அவரும் அதைப் பெருமையாகவே நினைத்தார்.

தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாழ்நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசியே பழகியவர் என்பதால் யாரும் பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க மாட்டார். எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கினார்.

“நண்பர்களே! நாம் இங்கே கூடியிருப்பது இசையை ரசிப்பதற்காக அல்ல. ரசிப்பதற்குத் தெருவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படி ரசிக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கத்தான் நாம் இருக்கிறோம். எண்பதுகளின் இசையை உலகமே இகழ்ந்தது. நாம் மட்டும்தான் அதன் பக்கம் நிற்கிறோம். நாளைக்கே இந்த இசை எல்லோருக்கும் பிடித்துப்போனால் என்ன ஆகும்? சற்றே எண்ணிப் பாருங்கள்! நமக்கு இந்தக் கூடம் எதற்கு? இந்தக் கம்பளம் எதற்கு? இகழ்கிறவர்கள் இருக்கும்வரைதான் நீதி கேட்பவர்களுக்கு நாற்காலி. ஆகவே ஒரு பாட்டுக்கு நியாயம் கிடைப்பதை எவ்வளவு தாமதப்படுத்துகிறோமோ, அவ்வளவுக்கு அதை நாம் மதிக்கிறோம் என்று பொருள்.”

வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின.

பிறகு விவாதம். மனதாரக் கட்சியின் பேச்சாளர், அந்த டிரம்ஸ் சத்தம் அடைபட்டுக் கிடக்கும் நவீன மனிதனின் தனிமை என்றார். புன்சிரிப்புக் கட்சியின் பேச்சாளர், அது அபத்தம், அபத்தம் என்பதால்தான் அருமை என்றார். அபத்தம் என்று தெரிந்தே அபத்தமாகச் செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று இன்னொருவர் கேட்டார். சாக்ஸபோன் வருவது கேட்பவனின் அனுமதியோடா, அனுமதியின்றியா என்று ஒரு கிளைக் கேள்வி முளைத்தது. பளபளக்கும் ஜாக்கெட் இசையின் பகுதியா, இல்லையா என்பதற்கு உபகுழு அமைத்தார்கள். மெக்கானிக் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் கையைத் தூக்கினார்.

“ஐயா, ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டா எல்லாம் தெரிஞ்சிடுமே?”

முன்வரிசையில் இருந்த அம்மாள் ஒருவர் தண்ணீர் கேட்டார். கால் கண்காணிப்பாளர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி ஒரு மனித முகத்தைப் பார்த்தார்.

“நீங்கள் புதியவர்” என்றார் தலைவர், மிகுந்த கருணையோடு. “வலிக்காது. கொஞ்சம் பொறுங்கள்.”

அடுத்த வாரமும் பொறுத்தார். அதற்கடுத்த வாரம் பொறுக்க முடியாமல் அண்ணனையே அழைத்துக்கொண்டு போனார். வாசித்த ஆளே நேரில் வந்து நின்றால் எந்தக் கல்லும் கரையும் என்பது அவர் கணக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று அண்ணி சொல்லித்தான் அனுப்பினார்.

அண்ணனைப் பார்த்ததும் இரண்டு கட்சியும் சேர்ந்து கலவரப்பட்டது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பக்கமும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். கலைஞர் உயிரோடிருப்பது மறுமதிப்பீட்டுக்குப் பெரிய இடையூறு என்று செயலாளர் தலைவரின் காதைக் கடித்தார். ஆனாலும் வந்தவரை அனுப்ப முடியாமல், ஒரு கேள்வி மட்டும் கேட்க அனுமதித்தார்கள்.

“உங்கள் டிரம்ஸின் அந்த அடைபட்ட ஓசையின் வழியாக நீங்கள் உணர்த்த விரும்பியது என்ன?” என்றார் தலைவர்.

அண்ணனுக்குக் கேட்கவில்லை. மெக்கானிக் வலது காதருகே குனிந்து, “டிரம்ஸ் ஏன் அப்படிக் கேக்குதுன்னு கேக்குறாங்கண்ணே” என்று கத்தினார்.

“அதுவா?” என்றார் அண்ணன் சந்தோஷமாக. இத்தனை வருஷத்தில் அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை. “நாங்க ரெக்கார்டிங் பண்ணின ரூமுக்குக் கீழ ஒருத்தர் குடியிருந்தாரு. ராத்திரி டியூட்டி பாக்கிறவரு, பகல்ல தூங்கணும்னு சத்தம் போட்டாரு. பாவமா இருந்துச்சு. மெத்தை, தலைகாணி எல்லாத்தையும் கொண்டாந்து என்னச் சுத்தி அடுக்கிட்டோம். அதுக்குள்ள உக்காந்து வாசிச்சேன். வேர்த்து ஊத்திடுச்சு.”

மனதாரக் கட்சியின் பேச்சாளர் முகம் வெளுத்துப்போய்த் தரையைப் பார்த்தார். புன்சிரிப்புக் கட்சியில் யாருக்கும் புன்சிரிப்பு வரவில்லை. தலைவர் செயலாளரோடு குசுகுசுத்துவிட்டு எழுந்தார்.

“சாட்சி நேர்மையானவர். ஆனால் தாம் வாசித்ததைத் தாமே புரிந்துகொள்ளவில்லை. மெத்தையும் தனிமையும் வேறு வேறல்ல என்பது அவருக்கு எட்டவில்லை. இந்த அறியாமையே பாட்டின் சிறப்பா, குறையா என்று புதிதாக ஆராய வேண்டியிருக்கிறது. விவாதம் முதலிலிருந்து தொடங்கும்.”

“என்னடா சொல்றாங்க?” என்றார் அண்ணன்.

“ரொம்ப சந்தோஷமாம்” என்றார் மெக்கானிக். ஆத்திரத்தில் லிஃப்ட் பட்டனைக்கூடச் சரியாக அழுத்த முடியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கழகத்தைத் திட்டுவதில் என்ன லாபம்? யானை வாயில் கரும்பைக் கொடுத்துவிட்டு யானையைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் யானையாவது கரும்பைத் தின்னும். இவர்கள் தின்பதும் இல்லை, ருசி பார்ப்பதும் இல்லை. கரும்பு இனிக்கலாமா கூடாதா என்று பேசுவதற்குக் கம்பளம் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. அண்ணனுக்கு இப்போது அண்ணி கூப்பிடுவது பாதி நேரம் கேட்கவில்லை. “கேசட் என்னாச்சுடா?” என்று கேட்பதை அண்ணனே நிறுத்திவிட்டார். அதுதான் மெக்கானிக்கை உண்மையில் கொன்றது.

அதனால்தான், வாழ்நாளில் ஒரு பயணியையும் சிக்கவைக்காத அந்த மனிதர், அந்தச் சனிக்கிழமை அப்படிச் செய்தார். தலைவரும் செயலாளரும் கால் கண்காணிப்பாளரும் லிஃப்டில் ஏறுகிறவரை லிஃப்டின் கூரை மேல் காத்திருந்து, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நிறுத்தினார். கூரையில் இருந்த சிறு கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார்.

“கேசட்டைக் குடுங்க” என்றார். “கேசட் வர்றவரைக்கும் லிஃப்ட் நகராது. என்ன வேணாப் பண்ணிக்குங்க. போலீசக்கூடக் கூப்பிடுங்க.”

உள்ளே மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் பயந்த மாதிரி தெரியவில்லை. தலைவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“செயலாளர் அவர்களே, வெளிச்சத்தம் கேட்கிறதா?”

“இல்லை தலைவரே.”

“காற்று?”

“போதுமான அளவு வருகிறது.”

“இரண்டு கட்சியிலிருந்தும் யாராவது இருக்கிறார்களா?”

“ஒருவரும் இல்லை. எல்லாரும் மேலே காத்துக்கொண்டிருக்கிறார்கள்.”

“மூவர் இருக்கிறோம். விதிப்படி கூட்டம் செல்லும். இவ்வளவு நடுநிலையான இடம் நமக்கு வாய்த்ததே இல்லை. தொடங்கலாம்!”

தொடங்கிவிட்டார்கள். மெக்கானிக் கூரைமேல் குந்தியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கால் கண்காணிப்பாளர் மேலே கையை நீட்டி, “கொஞ்சம் இருட்டா இருக்கு. உங்க டார்ச்சைக் குடுக்க முடியுமா?” என்று கேட்டார். கால்களைப் பார்க்கத்தான். மெக்கானிக் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே டார்ச்சைக் கொடுத்தார். கடத்தி வைத்தவரே கடத்தப்பட்டவர்களுக்குக் கூட்டம் நடத்த உதவியது சரித்திரத்தில் அதுவே முதல்முறையாக இருக்கும்.

எதிர்த்துப் பேச ஆளில்லாததால் விஷயம் மளமளவென்று நகர்ந்தது. அபத்தம் சிறப்பென்று ஏற்கப்பட்டது. மெத்தை தனிமையென்று ஏற்கப்பட்டது. சாக்ஸபோனுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. கடைசியில் தலைவர் கூரையை நோக்கிக் கை கூப்பினார்.

“நண்பரே, இந்தக் கேசட் மனதாரப் பிடிக்கத் தகுந்தது என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. அது மட்டுமல்ல. கழகத்தின் மிக உயர்ந்த தகுதியான ‘காலத்தால் அழியாதது’ என்ற தகுதியையும் வழங்குகிறோம். இதுவரை எந்தப் பாட்டுக்கும் கொடுத்ததில்லை.”

“அப்ப திருப்பிக் குடுத்துடுவீங்களா?”

“உங்க வீட்டுக்கே கொண்டுவந்து தர்றோம் சார்” என்றார் செயலாளர். “தகுதிக்குரிய சடங்கு ஒண்ணு இருக்கு. அத முடிச்சு, வியாழக்கிழமை சாயங்காலம் நானே எடுத்துட்டு வர்றேன்.”

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மெக்கானிக் அந்தக் கூரைமேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். லிஃப்டை அவ்வளவு மென்மையாக அவர் என்றைக்குமே ஓட்டியதில்லை.

வியாழக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. மெக்கானிக் தெரிந்த கடையில் ஒரு பழைய டேப் ரிக்கார்டரை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, துடைத்து, வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்த்துச் சரி செய்திருந்தார். இது கேசட்டைத் தின்னாது என்று அண்ணிக்குச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அண்ணி சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, டேப் ரிக்கார்டர் வலது காதுப் பக்கம் வருகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பை வாசலருகே தயாராக இருந்தது. அண்ணன் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் வந்தார். கையில் வெல்வெட் சுற்றிய பெட்டி. மேஜைமேல் வைத்துத் திறந்தார்.

உள்ளே கண்ணாடி போல ஒரு கட்டி, செங்கல் அளவில். அதன் நட்டநடுவில், பிசினில் சிக்கிய பூச்சி மாதிரி அசையாமல், கேசட்.

மெக்கானிக் எடுத்துப் பார்த்தார். திருப்பினார். எங்கேயும் திறப்பு இல்லை.

“இத எப்படித் திறக்கிறது?”

“திறக்க முடியாது சார்” என்றார் செயலாளர் பெருமையோடு. “பிளாஸ்டிக்கக் காய்ச்சி, சுத்தி ஊத்தியிருக்கு. தூசி போகாது, தண்ணி போகாது, காத்தே போகாது. ஆயிரம் வருஷமானாலும் இப்படியே இருக்கும். அதுதான் காலத்தால் அழியாதது.”

“உடைச்சா?”

“உள்ள இருக்கிறதும் சேந்து உடையும்.”

“முதல்ல ஒரு பிரதியாவது எடுத்தீங்களா?”

“இல்ல சார். இதுதான் ஒண்ணே ஒண்ணு. அதனாலதானே இந்தத் தகுதியே கிடைச்சிருக்கு!”

மெக்கானிக் செயலாளரின் சட்டையைப் பிடித்தார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அண்ணி, “விடுங்க தம்பி, விடுங்க” என்று நடுவில் வந்து நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். செயலாளர் ஒன்றும் புரியாமல், இவ்வளவு பெரிய மரியாதையைக் கொண்டுவந்து கொடுத்ததற்கா இந்த அடி என்கிற முகத்தோடு, “விதிப்படிதான் சார் எல்லாம்...” என்று பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

இந்த ரகளை எதுவும் அண்ணனுக்குக் கேட்கவில்லை. அவர் அந்தக் கட்டியைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசட்டின் அட்டையில் ஐந்து பையன்கள். ஓரத்தில் நிற்கிறவர் அவர்தான். பிளாஸ்டிக்குக்குள் முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

“திறக்க முடியாதா?” என்று கேட்டார்.

மெக்கானிக் முடியாதென்று தலையசைத்தார்.

அண்ணன் கட்டியை மேஜைமேல் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்து மறுபடி தட்டினார். அண்ணி மேஜைமேல் வைத்திருந்த இரண்டு கரண்டிகளைக் கையில் எடுத்தார். முதலில் மெதுவாகத்தான். ஒரு கரண்டி கட்டிமேல், ஒரு கரண்டி மேஜைமேல். பிறகு தோள் இறங்கியது, மணிக்கட்டு சுழன்றது. கண்ணாடிக் கடைக்காரர் போய் அந்த ஐந்தாவது பையன் வந்துவிட்டான்.

முதல் பாட்டு. மெக்கானிக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அழுகையும் ஆத்திரமும் அடங்காத குரலில் பாட ஆரம்பித்தார். பாதி வார்த்தை மறந்துபோயிருந்தது. மறந்த இடத்திலெல்லாம் லாலா போட்டார். சாக்ஸபோன் வரவேண்டிய இடம் வந்ததும் யாரும் எதிர்பார்க்காமல் அண்ணி வாயாலேயே ஊதினார். கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல் ஊதினார். இத்தனை வருஷமாக அந்த இடம் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது. அண்ணன் அவரைப் பார்த்து அசந்துபோய், தாளம் தவறி, சிரித்து, மறுபடி பிடித்தார்.

சுவரோரம் நின்ற செயலாளர் இன்னும் போகவில்லை. பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றார். பாட்டுக்கு நடுவில், இருக்கிற இடத்தையே மறந்துபோனவராக, ஒரு அடி முன்னால் வந்தார்.

“சார், ரொம்ப நல்லா இருக்கே! இது என்ன பாட்டு?”

மெக்கானிக் பாடுவதை நிறுத்தினார். அடிப்பதா, சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டியை மட்டும் விரலால் சுட்டிக் காட்டினார். செயலாளர் குனிந்து கேசட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி கேசட்டைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோனார்.

“என்னவாம் அவருக்கு?” என்றார் அண்ணன், கரண்டிகளை அந்தரத்தில் நிறுத்தி.

மெக்கானிக் வலது காதில் வாயை வைத்துக் கத்தினார். “நல்லா இருக்காம்ண்ணே!”

அண்ணன் நம்பவில்லை. செயலாளரை ஏற இறங்கப் பார்த்தார். “எது நல்லா இருக்காம்? பாட்டா, டிரம்ஸா? எந்த இடம்னு கேளு.”

செயலாளர் வாயைத் திறந்தார். எந்த விஷயத்துக்கும் எட்டுக் காரணம் வைத்திருக்கிறவர். ஒன்றுகூட வரவில்லை. “தெரியல சார். எனக்குச் சொல்லத் தெரியல. டிரம்ஸ் ஆரம்பிச்சதுமே எனக்கு...” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“டிரம்ஸாம்ண்ணே” என்று கத்தினார் மெக்கானிக். “ஆரம்பத்துலேர்ந்தே எல்லா இடமும் நல்லா இருக்காம்!”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கரண்டியின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தார். பிறகு காலால் ஒரு நாற்காலியைச் செயலாளர் பக்கம் தள்ளிவிட்டார்.

“அப்ப உக்காரச் சொல்லு அவர” என்றார். “கடைசிப் பல்லவிய அவரு இன்னும் கேக்கல.”